தேகமும் காலமும் – 9: மருந்தும் குச்சியும்

தென்பாண்டிச் சீமையின் கிராமங்கள் பலவற்றில், கோயில் வாசலிலோ ஊர் மந்தையிலோ, உருண்டையாகச் செதுக்கப்பட்ட பெருங்கல் ஒன்று பாதி மண்ணுக்குள் அமிழ்ந்து கிடப்பதை இன்றும் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். குந்தி உட்கார்ந்து, அதை இரு கைகளாலும் அணைத்து முழங்காலுக்கு ஏற்றி, முழங்காலிலிருந்து மார்புக்கும் மார்பிலிருந்து தோளுக்கும் கொண்டுபோய், முதுகுப்புறமாகக் கீழே தள்ளிவிடுகிற வாலிபனுக்குப் பெண் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை என்று நம் முன்னோர் கருதினார்கள். பரீட்சை முழுவதும் பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துவிடும். அந்தக் கல்லைத் தூக்கும்படி ஐம்பது வயதுக்காரரை எவரும் கேட்டதில்லை. அதே ஐம்பது வயதுக்காரர் கோழி கூவும் நேரத்தில் தலைச்சுமையோடு புறப்பட்டு, விருதுநகர்ச் சந்தைக்கு நடந்துபோய், பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவதைக் கண்டு எவரும் வியந்ததும் இல்லை. தேகபலம் என்று நாம் ஒரே பெயரால் சுட்டுவது உண்மையில் இரண்டு பலங்கள் என்பதையும், அவை இரண்டும் சேர்ந்தாற்போல் மூப்படைவதில்லை என்பதையும், சோதனைச்சாலை எதையும் கண்டறியாத அந்த ஊரார் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார்கள்.

தசைக்குள் நடக்கும் காரியத்தை விளங்கிக்கொள்ள ஒரு சிவகாசித் தீக்குச்சி போதும். கட்டையில் அடுக்கி, மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி எடுத்த குச்சியைப் பெட்டியில் உரசியதும் அதன் தலை சர்ரென்று சீறுகிறதே, அந்தச் சீற்றம் வெளிக்காற்றை எதிர்பார்ப்பதில்லை. வேண்டிய பிராணவாயுவை மருந்தில் கலந்திருக்கும் பொட்டாசியம் குளோரேட்டே கொடுத்துவிடுகிறது. மருந்து தீர்ந்தபின் மரக்குச்சி சாவதானமாக எரிவதற்குத்தான் காற்று வேண்டும். நம் தசையில் குளோரேட் கிடையாது. அங்கே பிராணவாயு வந்து சேரும்வரை காத்திராமல் முதற் சில விநாடிகளுக்குக் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பும், அதை ஒட்டி ஒன்றிரண்டு நிமிஷங்களுக்குச் சர்க்கரைச் சத்து அரைகுறையாக உடைவதும் வேலையை நடத்துகின்றன. அதற்குமேல் நீடிக்கும் உழைப்பெல்லாம் இருதயமும் நுரையீரலும் ஓயாமல் அனுப்புகிற பிராணவாயுவைக் கொண்டே நடந்தாக வேண்டும். உடலியல் நூலார் முன்னதை அனேரோபிக் என்றும் பின்னதை ஏரோபிக் என்றும் வழங்குகிறார்கள். மைதானத்துப் பிள்ளைகள் 'ஸ்பீடு', 'ஸ்டாமினா' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், ஆகஸ்டு 8ஆம் தேதி, 20 வயதுப் பெண்ணாகிய பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடிகளில் முடித்து, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். அந்தத் துயரத்தை நம் தேசம் இன்னும் மறக்கவில்லை. நாலு நாள் கழித்து அதே நகரத்தில் மாரத்தான் ஓட்டத்தில் தங்கம் வென்ற போர்த்துக்கல் நாட்டுக் கார்லோஸ் லோப்பஸுக்கு அப்போது வயது 37 என்பதை நம்மவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும் ஓட்டம் யௌவனத்தின் சொத்தாகவும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டம் நடுவயதை நெருங்குகிறவனுக்கும் வசப்படுவதாகவும் இருப்பது தற்செயலன்று. உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடிகளில் கடந்தது 22 வயதில். எலியுட் கிப்சோகே பெர்லினில் மாரத்தானை 2 மணி 1 நிமிஷம் 9 விநாடிகளில் முடித்து உலக சாதனை படைத்தது 37 வயதில். விதிவிலக்கு உண்டு: கிம் காலின்ஸ் என்ற கரீபியத் தீவுக்காரர் 40 வயதில் 100 மீட்டரை 9.93 விநாடிகளில் ஓடியிருக்கிறார். உஷாவே திருமணமும் மகப்பேறும் கடந்து களத்துக்குத் திரும்பி, 1998இல் ஜப்பானின் ஃபுகுவோக்காவில் 34 வயதில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் ஆசிய வெண்கலங்களைப் பெற்றாரே!

விரைவு முதலில் விடைபெறுவதன் காரணம் தசைநார்களில் இருக்கிறது. 1988இல் யான் லெக்ஸெல் என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும், இறந்துபோன 43 ஆண்களின் தொடைத் தசையை முழுக்குறுக்காக வெட்டி, நார்களை எண்ணிப் பார்த்தார்கள். இருபத்தைந்து வயதையொட்டியே குறையத் தொடங்கும் தசை, ஐம்பது வயதில் பத்தில் ஒரு பங்கையும், எண்பதில் பத்தில் நான்கு பங்கையும் இழந்திருந்தது. நார்களின் எண்ணிக்கை குறைந்ததோடு, எஞ்சியவற்றுள்ளும் விசையாகச் சுருங்கும் நார்களே அதிகமாக மெலிந்திருந்தன; நிதானமாகச் சுருங்கும் நார்களின் பருமன் பெரிதாகக் கெடவில்லை. தசையை ஏவும் நரம்பணுக்களும் வயதோடு மடிகின்றன. அநாதையாகிவிட்ட விசைநார்களில் சிலவற்றை அருகிலுள்ள மந்த நரம்பு சுவீகரித்துக்கொள்ள, அவையும் அதன் சுபாவத்தையே அடைந்துவிடுகின்றன. வயதான விரைவோட்டக்காரரின் பாதம் தரையில் முன்னைவிடச் சற்று அதிக நேரம் தங்குவதும், காலை மாற்றும் கதி அதிகம் குறையாமலிருக்க எட்டு மட்டும் குறுகிப்போவதும் இதனாலேயே.

ஏரோபிக் பலம் குறைவதற்குக் காரணம் வேறு. எவ்வளவு பழகிய வீரனாயினும், இருதயம் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய எண்ணிக்கை வருஷத்துக்கு ஒரு துடிப்பை ஒட்டிக் குறைந்துகொண்டேதான் போகும். இதைப் பயிற்சியால் தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவையும், அந்த ரத்தத்திலிருந்து தசை பிராணவாயுவை உறிஞ்சும் திறனையும் பயிற்சி பெருமளவு காப்பாற்றுகிறது. ஆகவேதான், அப்பியாசமற்றவன் முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு பிராணவாயு கொள்ளும் ஆற்றலை இழக்க, கடும் பயிற்சியை விடாதவனுக்கு அந்த நஷ்டம் ஏறக்குறைய பாதியாக நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்துச் சோதனையைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1966இல் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். எழுந்தபோது அவர்கள் கொள்ளக்கூடிய பிராணவாயுவின் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது வருஷங்களுக்குப் பிறகு அதே ஐவரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தபோது, எல்லோரும் தடித்துப் போயிருந்தும், இளமையில் முதன்முதலாக எடுத்த அளவிலிருந்து எட்டில் ஒரு பங்கு அளவே குறைந்திருந்தது. அதாவது முப்பது வருஷத்து மூப்பு செய்யாத கேட்டை மூன்று வாரப் படுக்கை செய்திருந்தது! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பழக்கியதில், இழந்தது முழுவதும் மீண்டது. இருதயம் இளமைக்குத் திரும்பவில்லை. வந்த ரத்தத்திலிருந்து அதிகமாக எடுத்துக்கொள்ளத் தசைகள் கற்றுக்கொண்டன. ஐந்து பேரை வைத்துச் செய்த சோதனைதானே என்று ஆட்சேபிக்கலாம். ஆயினும் நாம் வயதின் தலையில் போடும் பழியில் பெரும்பகுதி சோம்பலுக்கு உரியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

காவலர் தேர்வுக்கு ஆள் எடுக்கும் காலத்தில், விடிவதற்கு முன்னால் விருதுநகர் மாவட்டத்து மைதானம் எதற்கேனும் போய்ப் பாருங்கள். ஏழு நிமிஷத்துக்குள் 1500 மீட்டர் ஓட வேண்டும். பிறகு கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும், நூறோ நானூறோ மீட்டர் ஓட வேண்டும். நாலாவது சுற்றின் முடிவில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கும் பையனைப் பார்த்து, "குனியாதப்பா, கையத் தலைக்கு மேல வச்சு மூச்ச இழு" என்று அண்ணன்மார் ஒருவர் அதட்டுவார். ஒரே காலையில் இரண்டு பலங்களையும் சோதிக்கும் நல்ல தேர்வு இது. ஆனால் உத்தியோகம் கிடைத்த மறுநாளே காலணியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. பட்டாசு ஆலைப் பேருந்துக்காக விடியலிலேயே நிற்கவேண்டிய தொழிலாளிக்கோ, தரையில் உட்கார்ந்து செய்யும் வேலையிலேயே பகல் கழிந்துவிடுகிறது. நாற்பது வயதில் பொங்கல் விளையாட்டுக்குச் சடுகுடுக் களத்தில் இறங்கி, மூன்றாம் பாட்டில் மூச்சு வாங்கி நிற்பவர் வயதை நொந்துகொள்கிறார்.

சடுகுடுவைப் பற்றிப் பேசுவதானால் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 1975இல் பிறந்த இவர் 2016இல் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். 2019இல் 44 வயதில் ஹரியானா அணிக்குத் தலைவராக, தம் மகன் வயதுப் பிள்ளைகளோடு புரோ கபடியில் ஆடினார். பாடிப் போகிறவன் முப்பது விநாடிக்குள் பாய்ந்து தொட்டுத் திரும்ப வேண்டும். அது முழுக்க அனேரோபிக் விவகாரம். சேரலாதன் நின்றதோ வலது மூலையில், பிடிக்கிறவராக. எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டியே அறிந்தவனுக்கு அரை விநாடி மிச்சமாகிறது. வயது பறித்துக்கொண்ட விசையை அந்த அரை விநாடி ஈடுசெய்கிறது. சென்னை சரத் கமல் 40 வயதில், 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில், மேசைப்பந்தில் மூன்று தங்கங்களைக் கொண்டுவந்ததிலும் இந்தச் சூட்சுமம் உண்டு.

சிறுபிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. பருவமடையாத தேகத்தில் பிராணவாயுவைக் கொண்டு நடக்கும் வேலை எடைக்கு எடை பெரியவர்களுக்குச் சமமாகவே இருக்க, சர்க்கரையைப் பிராணவாயுவின்றி உடைக்கும் திறன் மட்டும் முதிராமல் இருக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியில் மீசை அரும்பிய பையன் மற்றவர்களை முந்துவது பயிற்சியாளரின் சாமர்த்தியத்தால் அன்று, பருவம் முந்திவிட்டதால். பிறப்புச் சான்றிதழில் சிலர் விளையாடுவதும் இதை அறிந்தேதான்.

முதுமைக்கு மீண்டும் வருகிறேன். நம் மாவட்டத்து வெயிலில் ரத்தத்தின் ஒரு பகுதி தோலைக் குளிர்விக்கப் போய்விடும். வயதானவர்க்கு வியர்வை குறைவு, தாகமும் தாமதித்தே எழும். ஆகவே ஓடுகிற முதியவர் சூரியோதயத்துக்கு முன் ஓடி, தாகத்துக்குக் காத்திராமல் நீர் அருந்த வேண்டும். நடையும் மெல்லோட்டமும் இருதயத்தைக் காக்குமேயன்றி விசைநார்களைக் காக்கமாட்டா. அவற்றுக்குப் பளு வேண்டும். 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் விடுதியொன்றில், சராசரி 90 வயதான பலவீனர் பத்துப்பேரை மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவர் எட்டு வாரம் கால்களால் பளு தூக்கப் பழக்கினார். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பருமனோ ஒன்பது விழுக்காட்டளவே வளர்ந்தது, ஆதலால் மிச்சமெல்லாம் நரம்புகள் கற்றுக்கொண்ட வித்தை என்றே கொள்ள வேண்டும். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் அந்த வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

(தொடரும்)