தொடாது திறக்கும் திறவுகோல்

நாம் கல்லூரியிற் பயின்ற காலத்திலே, தவணைப் பரீட்சை நெருங்கியதும் கந்தோரை அடுத்த சிறிய அறையொன்று பூட்டப்பட்டுவிடும். உள்ளே றோணியோ இயந்திரம் சுழலும் ஓசை மாத்திரம் வெளியே கேட்கும். வினாத்தாள்கள் யாவும் அச்சாகி முடிந்ததும், மை படிந்த ஸ்ரென்சில் தாள்களை எழுதுவினைஞர் தம் கையாலேயே எரித்துவிடுவார். அச்சேறும் தாளைக் காப்பதற்கு அன்று இருந்த காவல்கள் இரண்டே. ஒன்று அறைக்கதவு, மற்றொன்று அப்பெரியாருடைய நாணயம்.

இன்று இயந்திரம் அறையை விட்டு நடைபாதைக்கு வந்துவிட்டது. இருபது முப்பது பேர் பணிபுரியும் கந்தோர்களில் யாவர்க்கும் பொதுவாக ஓர் அச்சுப்பொறியே உளது. கட்டளை பிறப்பது ஒருவரின் மேசையிலே. தாள் வந்து விழுவது மண்டபத்தின் மறுகோடியிலே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில் அத்தாளுக்குக் காவலன் ஒருவனும் இல்லை.

இதனால் விளையும் தீங்கு சிறிதென்று எண்ணற்க. நாம் பணியாற்றிய கந்தோர் ஒன்றிலே நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் தகும். அன்பர் ஒருவரின் சேவையை மேலும் நீடிக்க இயலாது என்று அறிவிக்கும் கடிதம் ஒருநாட் காலை அச்சிடப்பட்டது. அதனை அனுப்பிய அதிகாரி எழுந்து செல்லும் வேளையிலே தொலைபேசி அழைத்தது. அவர் தாமதித்த அச்சிறு பொழுதில், தத்தம் தாள்களை எடுக்கச் சென்ற இருவர் அக்கடிதத்தைக் கண்டனர். உரியவரின் கைக்குக் கடிதம் சேர்ந்தபோது நண்பகல் கழிந்திருந்தது. ஆயின் அவர் செய்தியை அறிந்துகொண்டதோ காலையிலேயே, சக ஊழியர்களின் முகத்திலிருந்து. இங்கே தீய எண்ணங் கொண்டவர் எவருமிலர். இருந்தும் ஒருவருடைய மானம் பலர் நடக்கும் வழியிலே கிடந்தது.

இக்குறையை நீக்க எழுந்ததே அட்டை வாசிப்பான் பொருத்திய அச்சுப்பொறியாகும். இம்முறையில், மேசையிலிருந்து அனுப்பப்படும் ஆவணம் உடனே அச்சாவதில்லை. அது வழங்கி எனப்படும் கணினியிலே காத்திருக்கும். அனுப்பியவர் அச்சுப்பொறியின் முன் சென்று, கழுத்திலே தொங்கும் அடையாள அட்டையை வாசிப்பானுக்கு அருகே காட்டுவார். இவர் இன்னார் என்று பொறி துணிந்த பின்னரே தாள் வெளிவரும். உரியவர் அங்கு நிற்கையிலேயே தாள் பிறப்பதால், அது கேட்பாரற்றுக் கிடப்பதற்கு இடமில்லை.

அவ்வட்டையுள் மின்கலம் கிடையாது. வாசிப்பானை அது தொடுவதுமில்லை. அவ்வாறாயின் அது எங்ஙனம் பேசுகின்றது? விடை 1831ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலில் உளது. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலத்தினுள் ஒரு கம்பிச்சுருளை வைத்தால் அதிலே மின்னோட்டம் தோன்றும் என்பதே அவர் கண்ட உண்மை. வாசிப்பானிலுள்ள சுருள் செக்கனுக்கு 1,35,60,000 முறை, அதாவது 13.56 மெகாஹேட்ஸ் மீடிறனில், அதிரும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. அட்டையின் இரு படைகளுக்கிடையே மெல்லிய சுருளொன்றும் கடுகளவான சில்லு ஒன்றும் மறைந்துள்ளன. ஏறத்தாழ 10 சதமமீற்றர் தூரத்தினுள் அட்டை வந்ததும், சில்லு விழித்தெழுவதற்கு வேண்டிய மின்சாரத்தை அச்சுருள் காந்தப்புலத்திலிருந்தே பெற்றுவிடுகின்றது.

விழித்த சில்லு மறுமொழி கூறும் விதம் இன்னும் நயமானது. தோட்டத்துக்கு நீர் பாயும் வாய்க்காலை நினைமின். கீழே நிற்பவன் தன் மடையைத் திறந்தும் அடைத்தும் விடுவானாயின், மேலே நிற்பவன் நீர்மட்டம் தாழ்வதையும் உயர்வதையும் கொண்டே அவன் செய்கையை அறிவான். கூவி அழைக்க வேண்டுவதில்லை. அவ்வாறே சில்லானது தான் உண்ணும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்ட, அம்மாற்றத்தை வாசிப்பான் தன் சுருளிலே உணர்ந்து எழுத்தாகப் படித்துக்கொள்கின்றது.

இக்கலையின் வரலாறு வியப்புக்குரியது. 1945இல் மொஸ்கோவில் அமெரிக்கத் தூதுவருக்குச் சோவியத் சிறுவர்கள் மரத்திற் செதுக்கிய அரச இலச்சினை ஒன்றைப் பரிசளித்தனர். அதனுள் லியோன் தெரமின் அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. மின்கலமின்றி, வெளியிலிருந்து வானொலி அலை பாய்ச்சப்படும்போது மாத்திரம் உயிர்பெறும் அக்கருவி 1952 வரை கண்டுபிடிக்கப்படவில்லை. 1948இல் ஹரி ஸ்ரொக்மன் எதிரொலித்து வரும் அலையாற் செய்தி அனுப்பும் முறையை ஆராய்ந்து எழுதினார். 1973இல் சாள்ஸ் வால்ரன் திறவுகோலின்றிக் கதவைத் திறக்கும் அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். கதவுக்கு வந்த அட்டையே பின்னர் அச்சுப்பொறிக்கும் வந்தது.

பெரும்பாலான வாசிப்பான்கள் அட்டையின் இலக்கத்தைப் படித்து, ஒரு விசைப்பலகையில் யாரோ தட்டியது போல அச்சுப்பொறிக்கு அனுப்புகின்றன. அச்சுப்பொறி அவ்விலக்கத்தை ஊழியர் பதிவேட்டில் தேடி, உரியவரின் பெயரை அறிகின்றது. முதன்முறை காட்டும்போது மாத்திரம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அட்டையைத் தம் பெயரிற் பதிந்துகொள்ளல் வேண்டும். இங்கே ஒரு சிறு சிக்கலுண்டு. ஒரே இலக்கத்தைச் சில வாசிப்பான்கள் தலையிலிருந்தும் வேறு சில வாலிலிருந்தும் படிக்கும். கதவிலே பதிந்த பட்டியலை அச்சுப்பொறிக்குக் கொணர்ந்தபோது, ஒருவர் அட்டையும் செல்லாது நாமனைவரும் வரிசையில் நின்ற காலையொன்று உண்டு. அட்டைகள் பழுதல்ல, இலக்கங்கள் தலைகீழாகப் படிக்கப்பட்டன என்பதை மாலையிலேயே அறிந்தோம்.

இனி, இக்காவலின் வலிமை யாது என்று ஆராய்வாம். 125 கிலோஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் பழைய அட்டைகள் கேட்பவர் எவர்க்கும் தம் இலக்கத்தைக் கூறிவிடும். அதனைப் படியெடுத்தல் எளிது. 1994இல் வெளிவந்த மைஃபேர் கிளாசிக் என்னும் அட்டை இதனினும் மேம்பட்டது. 48 பிற்று நீளமுள்ள இரகசியத் திறப்பைக் கொண்டது. ஆயின் அதன் மறைமுறை இன்னதென்பதை ஆக்கியோர் வெளியிடவில்லை. 2007 டிசம்பரில் கார்ஸ்ரன் நோல், ஹென்றிக் புளொட்ஸ் என்னும் இருவர், சில்லைப் படைபடையாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியாற் படம்பிடித்து, அம்மறைமுறையின் பெரும்பகுதியைத் தாம் அறிந்தமையைப் பேர்லினில் அறிவித்தனர். 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து றாட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனை முற்றாக உடைத்தனர். அவர்தம் கட்டுரையைத் தடுக்குமாறு என்.எக்ஸ்.பி. நிறுவனம் தொடுத்த வழக்கை ஆர்னெம் நீதிமன்றம் அவ்வாண்டு யூலையில் நிராகரித்தது. காவலின் வலிமை திறப்பை மறைப்பதில் இருத்தல் வேண்டுமேயன்றிப் பூட்டின் அமைப்பை மறைப்பதில் இருத்தலாகாது என்று, நெதர்லாந்திற் பிறந்த ஓகுஸ்ற் கேக்கொவ்ஸ் 1883இலேயே எழுதியது மீண்டும் மெய்யாயிற்று.

இன்றைய சிறந்த அட்டைகள் 128 பிற்றுத் திறப்பைக் கொண்டன. வாசிப்பான் ஒவ்வொரு முறையும் புதிய வினாவொன்றை விடுக்க, அட்டை தன் இரகசியத்தை வெளியிடாமலே விடையிறுக்கும். ஆயினும் பல கந்தோர்களில் இத்தகைய அட்டையையே வாங்கிக் கொடுத்துவிட்டு, வாசிப்பானோ தொடரிலக்கத்தை மாத்திரம் படிக்குமாறு விடப்பட்டுள்ளது. இஃது உறுதியான பூட்டை வாங்கிக் கதவிலே தொங்கவிட்டு, பூட்டாமற் செல்வதை ஒக்கும். வாசிப்பானை நிறுவும் எம் பழைய மாணவர் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவே: இப்பொறி படிப்பது இலக்கத்தையா, இரகசியத்தையா?

வேறு சிலவும் நினைவிற் கொள்ளத்தக்கன. பரீட்சை, சம்பளம், மருத்துவம் ஆகியன பற்றிய தாள்களுக்கு அட்டையோடு இரகசிய எண்ணையும் கேட்குமாறு அமைத்தல் நன்று. தொலைந்த அட்டையை அன்றே அறிவித்தல் வேண்டும். எடுக்கப்படாத ஆவணங்கள் குறித்த நேரத்தில் வழங்கியிலிருந்து தாமே அழியுமாறு செய்தல் வேண்டும். யார், எப்பொழுது, எத்தனை பக்கம், எப்பெயருள்ள ஆவணத்தை அச்சிட்டார் என்னும் குறிப்பும் அங்கே தங்கும். ஆவணத்தின் பெயரே அதன் செய்தியைக் காட்டிவிடக் கூடுமாதலால், அக்குறிப்பேட்டைப் பார்க்கத் தக்கவர் யாரென்பதையும் வரையறுத்தல் வேண்டும்.

முடிவாக ஒன்று. பொறி அறிவது அட்டையை. அட்டையை நீட்டிய கையை அன்று. நண்பர் கேட்டாரென்று அட்டையை இரவலாகக் கொடுப்பவர், தம் பெயரையே இரவலாகக் கொடுக்கின்றார். பின்னர் அப்பெயராற் செய்யப்பட்டவை யாவும் அவர் செய்தனவாகவே பதியப்படும். ஆதலின் மாணவர்காள், நாளை கந்தோர்களிற் புகும்போது உங்கள் கழுத்தில் அணியப்படும் அச்சிறிய அட்டையை அலட்சியஞ் செய்யாதிருப்பீர்களாக. பூட்டிய அறையினுள் ஸ்ரென்சில் தாளை எரித்த எழுதுவினைஞர் வகித்த பொறுப்பின் ஒரு பங்கு இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தரப்படுகின்றது.