டேட்டாபேஸ் அட்மினா, சிஸ்டம் அட்மினா? விண்ணப்பிக்கும் முன் ஒரு நிமிடம்

ஐ.டி. டிப்ளோமாவோ பட்டப்படிப்போ முடித்துவிட்டீர்கள். ஜாப்ஸ்ட்ரீட்டைத் திறந்தால் இரண்டு விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். மற்றொன்று, டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்; சுருக்கமாக டிபிஏ. லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும், பேக்கப் அனுபவம் வேண்டும், ஸ்டேன்ட்பை பார்க்கத் தயாராக இருக்க வேண்டும் என்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறது. வீட்டில் கேட்டால், "ரெண்டும் கம்ப்யூட்டர் வேலைதானே, எது முதல்ல கெடைக்குதோ அதுக்குப் போ" என்பார்கள்.

அந்த அறிவுரையில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

ஒரு புடவைக் கடை, மூன்று புகார்கள்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு புடவைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையத்திலும் விற்கிறார்கள். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்.

முதல் புகார்: இணையத்தளமே திறக்கவில்லை. சர்வரின் டிஸ்க் நிரம்பியிருக்கலாம், மெமரி போதாமல் போயிருக்கலாம், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி இருக்கலாம். இதைப் பார்ப்பவர் சிஸ்டம் அட்மின். சர்வர், இயங்குதளம், நெட்வொர்க், பயனர் கணக்குகள் எல்லாம் அவர் பொறுப்பு.

இரண்டாவது புகார்: தளம் திறக்கிறது. ஆனால் ஆர்டர் எண்ணைத் தட்டினால் 40 விநாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வருஷம் இப்படி இல்லை. காரணம், அப்போது ஆயிரக்கணக்கில் இருந்த ஆர்டர்கள் இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு முறையும் கணினி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துத் தேடுகிறது. சரியான இடத்தில் ஓர் இண்டெக்ஸ் போட்டால் அதே தேடல் இமைப்பொழுதில் முடிந்துவிடும். எந்தக் கேள்வி மெதுவாக ஓடுகிறது, எங்கே இண்டெக்ஸ் போடலாம், எங்கே போட்டால் வேறொன்று கெடும் என்று தெரிந்தவர்தான் டிபிஏ.

மூன்றாவது புகார்தான் சுவாரசியமானது. திடீரென்று எந்த ஆர்டரும் பதிவாகவில்லை. சிஸ்டம் அட்மின் பார்த்துவிட்டு, "டிஸ்க் ஃபுல்" என்கிறார். டிபிஏ பார்த்துவிட்டு, "டேட்டாபேஸ்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே" என்கிறார். உண்மையில் டிஸ்க்கை நிரப்பியது டேட்டாபேஸின் லாக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வரை முழு மீட்பு முறையில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்க மறந்தால், அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் எல்லையில்தான் இதுபோன்ற கோளாறுகள் பெரும்பாலும் வருகின்றன. அந்த எல்லையின் இரு பக்கமும் தெரிந்தவரை எந்த மேனேஜரும் விடமாட்டார்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை மதியம்

சிஸ்டம் அட்மினின் மோசமான நாள் எப்படி இருக்கும்? நாம் எல்லோரும் பார்த்ததுதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், மலேசிய நேரப்படி மதியம் 12.09-க்கு ஓர் அப்டேட்டை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன; இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. கே.எல்.ஐ.ஏ. இரண்டாவது முனையத்தில் ஏர்ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கேடிஎம் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. 5 அரசு அமைப்புகளும் 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும் என இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பின்னர் தெரிவித்தார்.

கவனியுங்கள், யாருடைய தரவும் அழியவில்லை. ஆனால் கணினியே எழுந்திருக்க மறுத்தது. தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாத கணினிகள் ஏராளம். ஒவ்வொன்றின் முன்னும் போய் நின்று, சேஃப் மோடில் திறந்து, ஒரு கோப்பை அழித்து, மறுபடி இயக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் தட்ட வேண்டும். நூறு கணினி என்றால் நூறு முறை. உலக சிஸ்டம் அட்மின் தினம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அந்த ஆண்டு அது சரியாக ஒரு வாரம் கழித்து வந்தது. யார் கேக் வெட்டியிருப்பார்களோ தெரியவில்லை.

டிபிஏவின் மோசமான நாள் வேறு மாதிரி

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம், மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளம். டேட்டாபேஸின் பிரதியாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது சர்வர், முதல் சர்வரிலிருந்து பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய, அதிலுள்ள பழைய தரவை அழித்துவிட்டு மீண்டும் நகலெடுக்க வேண்டும். இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. பொறியாளர் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு விநாடிகளில் உறைத்தது: அவர் நின்றுகொண்டிருந்தது முதல் சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியது.

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது, பெயருக்கு. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தவில்லை. அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே பொறியாளர் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள். மீட்புப் பணியை அவர்கள் யூடியூப்பில் நேரலையாகவே காட்டினார்கள். பின்னர் நடந்ததை ஒளிக்காமல் விரிவாக எழுதியும் வைத்தார்கள். இந்தத் துறைக்குப் போக நினைப்பவர்கள் அதைத் தேடிப் படியுங்கள். எத்தனையோ பாடப்புத்தகங்களை விட மேல்.

இரண்டு நாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணினி போனால், எவ்வளவு சிரமமானாலும் இன்னொரு கணினி. தரவு போனால் கடைக்குப் போய் வாங்க முடியாது. சிஸ்டம் அட்மினுக்கு அழுத்தம் அடிக்கடி வரும். ஆள்கள் கத்துவார்கள், சரிசெய்வீர்கள், அன்றே முடியும். டிபிஏவுக்கு அழுத்தம் அபூர்வமாகத்தான் வரும். வரும்போது திரும்பப்பெற முடியாத ஒன்றின் மேல் உங்கள் விரல் இருக்கும். எந்த வகை பயம் உங்களுக்குத் தாங்கும் என்பதைச் சம்பளத்துக்கு முன்னாடியே யோசித்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மலேசியச் சட்டமும் இப்போது நடுவில் வந்துவிட்டது

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் கொள்கைகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதமும் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. யார், எப்போது, எந்த அட்டவணையைப் பார்த்தார் என்ற கேள்வி வந்தால் பதில் டிபிஏவின் பதிவேட்டில் இருக்க வேண்டும். எந்தக் கணினி வழியாக உள்ளே நுழைந்தார் என்றால் சிஸ்டம் அட்மினின் பதிவேட்டில். "நான் டெக்னிக்கல் ஆளு, சட்டம் எனக்கெதுக்கு" என்ற காலம் முடிந்துவிட்டது.

அப்போ எந்தக் கதவு முதலில் திறக்கும்?

கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சிஸ்டம் பக்கக் கதவுதான். கணினி இல்லாத அலுவலகம் இல்லை. அதனால் ஹெல்ப்டெஸ்க், ஐ.டி. சப்போர்ட் என்று நுழைந்து ஓரிரு ஆண்டுகளில் சர்வர் பக்கம் நகர முடியும். தனியாக டிபிஏவை வேலைக்கு வைப்பவர்கள் வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, பெரிய மருத்துவமனை, அல்லது சைபர்ஜெயா, பங்சார் சவுத் பக்கம் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்கள். லட்சக்கணக்கானவர்களின் கணக்கு விவரங்கள் உள்ள டேட்டாபேஸின் சாவியை நேற்றுப் பட்டம் வாங்கியவர் கையில் யாரும் கொடுத்துவிட மாட்டார்கள். கொடுத்தால் நீங்கள்தான் பயப்பட வேண்டும்.

ஆக, "எது முதல்ல கெடைக்குதோ" என்பது நுழைவதற்குச் சரி. அங்கேயே நின்றுவிடுவதற்குச் சரியில்லை. சப்போர்ட் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே எஸ்.கியூ.எல். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் யாரும் தொட விரும்பாத ஒரு பழைய டேட்டாபேஸ் நிச்சயம் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கை தூக்குங்கள். பின்னாளில் டிபிஏவாக ஆசைப்பட்டால், ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரிதான் பேசும்.

அரசாங்க வேலை யோசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே விண்ணப்பிப்பது பெகாவாய் தெக்னோலொகி மக்லுமாட் அல்லது பெனோலோங் பெகாவாய் என்ற பதவிக்கு. டேட்டாபேஸ் பக்கமா, சர்வர் பக்கமா என்பது பணியமர்த்தப்படும் இடத்தைப் பொறுத்தது.

கிளவுட் வந்தபிறகு ரெண்டு வேலையும் இருக்குமா?

அமேசானின் கிளவுட் சேவை 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மண்டலத்தைத் திறந்தது. மைக்ரோசாஃப்டும் கூகளும் அதே ஆண்டு மே மாதத்தில் தலா 200 கோடி அமெரிக்க டாலர் அளவில் முதலீடுகளை அறிவித்தன. இந்தச் செய்திகளைப் பார்த்து "டேட்டா சென்டர் நிறைய வருது, நமக்கு வேலைதான்" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் கட்டடங்களுக்குள் தேவைப்படுபவர்கள் பெரும்பாலும் மின்சாரம், குளிரூட்டல், பாதுகாப்பு, வன்பொருள் மாற்றும் பணியாளர்கள். சர்வரை நிர்வகிப்பவர் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிளவுட்டில் டேட்டாபேஸை வாடகைக்கு எடுத்தால், பேட்ச் போடுவது, தினசரி பேக்கப் எடுப்பது போன்றவற்றை அவர்களே செய்துவிடுகிறார்கள். இண்டெக்ஸை எங்கே போடுவது, யாருக்கு எந்த அனுமதி கொடுப்பது, மாதக் கடைசியில் பில் ஏன் இரண்டு மடங்கானது என்பதெல்லாம் இன்னும் உங்கள் தலையில்தான். வேலை போகவில்லை; பெயர் மாறுகிறது. சிஸ்டம் அட்மினைத் தேடியவர்கள் இன்று கிளவுட் இன்ஜினியர் என்று தேடுகிறார்கள். டிபிஏ விளம்பரங்கள் பல டேட்டா இன்ஜினியர் என்று வருகின்றன. தேடும்போது இந்தப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

ராத்திரி வேலை, கடைசி ரயில்

இதை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய மாற்றங்களைப் பயனர்கள் தூங்கும் நேரத்தில்தான் செய்வார்கள். ஞாயிறு அதிகாலை 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நேரத்துக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமியூட்டர் கிடையாது. டிபிஏ வேலையை அநேகமாக வீட்டிலிருந்தே வி.பி.என். வழியாகச் செய்துவிடலாம். சர்வர் அறைக்குப் போக வேண்டிய சிஸ்டம் அட்மினுக்குக் காரோ கிராப் செலவோ வேண்டும். முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில், தீபாவளியன்று காலை பத்து மணிக்குச் சர்வர் விழுந்தது. எங்கள் ஐ.டி. அண்ணன் புது ஜிப்பாவோடு வந்து தரையில் உட்கார்ந்து கேபிள் மாற்றினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு நன்றியும் எங்கள் வீட்டு முறுக்கும்தான்.

சட்டத்தைத் தெரிந்துவைத்திருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 45 மணி. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு ஓவர்டைம் பெறும் உரிமை வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஸ்டேன்ட்பை அலவன்ஸ் உண்டா, மாதத்தில் எத்தனை வாரம் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம்.

இன்னும் முடிவெடுக்க முடியலையா?

சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வார இறுதியைச் செலவு பண்ணுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் உபுண்டு போடுங்கள். அதில் போஸ்ட்கிரெஸ் நிறுவுங்கள். இரண்டும் இலவசம். பொய்யான ஆர்டர்கள் ஒரு லட்சம் வரி நிரப்பி, ஒரு தேடல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். இண்டெக்ஸ் போட்டு மறுபடி பாருங்கள். பேக்கப் எடுங்கள். பிறகு துணிந்து டேட்டாபேஸை அழித்துவிட்டு மீட்டெடுங்கள். லேப்டாப்பை எழுப்பி, நெட்வொர்க்கைச் சரிசெய்து, எல்லாம் ஓட வைத்ததில்தான் உற்சாகம் வந்தது என்றால் ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வைப் பாருங்கள். அது முழுக்கச் செய்முறைத் தேர்வு. மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது. தேடல் நேரம் குறைந்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றால் ஆரக்கிள் அல்லது மைக்ரோசாஃப்டின் டிபி-300 பக்கம் போகலாம். ஆனால் எந்த நிறுவனம் எந்த டேட்டாபேஸை வைத்திருக்கிறது என்று விளம்பரங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேர்காணலின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள் இல்லையா? எந்த வேலைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்: "உங்க பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணி, வேலை செய்யுதான்னு கடைசியா எப்போ பார்த்தீங்க?" தேதி சொன்னால் நல்ல இடம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், சேர்ந்த முதல் வாரம் உங்களுக்கு என்ன வேலை என்று தெரிந்துவிட்டது.