தங்கும் விடுதி இணையதளம்: யாருக்குக் கெடு, எதற்குக் கெடு?

2025 மே 10, 2025 ஜூன் 28. இந்த இரண்டு தேதிகளைப் பற்றித்தான் கடிதங்கள். இரண்டும் கடந்துபோய்விட்டன, குழப்பம் மட்டும் தீரவில்லை. கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்த வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர் கேட்கிறார்: "வெப்சைட்டைப் பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி மாற்றாவிட்டால் ஐரோப்பாக்காரன் கேஸ் போடுவானாமே, உண்மையா? மாதாமாதம் பணம் கட்டினால் ஒரே வரியில் சரிசெய்து தருகிறேன் என்று ஒரு கம்பெனி சொல்கிறது, வாங்கலாமா?"

முதலில் ஐரோப்பாக்காரனை அனுப்பிவைப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்தான் ஜூன் 28. ஒன்றியத்து மக்களுக்கு இணையம் வழியாக விற்கும் சேவைகளை அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்து, ஆண்டு வரவு 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. மூன்று அறையும் ஒரு சமையல்காரரும் வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆம்ஸ்டர்டாமில் இருந்து நடக்கும் புக்கிங்.காம் போன்றவை தூங்க முடியாது. அவர்களுடைய படிவங்களும் பொத்தான்களும் சரியாக வேண்டும். அந்தப் படிவத்துக்குள் நீங்கள் எழுதிக்கொடுக்கும் வர்ணனை சரியா என்பது வேறு கேள்வி. அதற்குக் கீழே வருவோம்.

மே 10 நம் சொந்தக் கெடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 46: அரசோ தனியாரோ, சேவை தருகிற எவரும், மத்திய அரசு அணுகல் விதிகளை அறிவித்த இரண்டு ஆண்டுக்குள் அவற்றின்படி சேவையைத் தர வேண்டும். இணையதளங்களுக்கான ஐஎஸ் 17802 என்ற தரநிலை அந்த விதிகளில் சேர்க்கப்பட்டது 2023 மே 10 அன்று. இரண்டைக் கூட்டினால் தேதி வந்துவிடுகிறது.

கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்திருந்தால் கடிதங்கள் வந்திருக்காது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தத் தரநிலைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த 15ஆம் விதியின் முதல் உட்பிரிவே செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது, விதியோ 'வழிகாட்டுதல்' என்று நிறுத்திக்கொள்கிறது என்பது காரணம். அரசு மொழியில் வழிகாட்டுதல் என்றால், செய்தால் நல்லது, செய்யாவிட்டால் கேட்க ஆளில்லை. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை எழுதச் சொன்னது நீதிமன்றம். ஆக, எந்த விதியிலிருந்து கெடுவை எண்ணினோமோ அதன் காலையே எடுத்தாகிவிட்டது. இதை வைத்து வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் "இப்போது சட்டமே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிவு 46 அப்படியே இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் அதே நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

கெடு பற்றி இவ்வளவு போதும். கடிதங்களில் ஒருவரும் கேட்காத, ஆனால் விடுதி நடத்துபவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய ஒன்று உண்டு: அணுகத்தக்க இணையதளத்தில் புக் செய்துவிட்டு வருபவருக்கு அணுகத்தக்க அறை கிடைக்குமா?

இதற்கு நம் விதிகளில் நான் விடை காணவில்லை. அமெரிக்க விதிகளில் இருக்கிறது, 2012 மார்ச் 15 முதல் நடைமுறையிலும் இருக்கிறது. விடுதி முன்பதிவுக்கென்றே எழுதப்பட்ட அந்த விதி சொல்வதில் முக்கியமானவை மூன்று. ஒன்று, அறையில் என்ன வசதி இருக்கிறது, என்ன இல்லை என்பதை, தனக்கு ஒத்துவருமா என்று விருந்தினர் தானே முடிவெடுக்கும் அளவுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். இரண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறையை, அதே வகையில் மற்ற அறைகள் எல்லாம் போன பிறகே மற்றவர்களுக்கு விற்க வேண்டும். மூன்று, அந்த அறையை ஒருவர் புக் செய்துவிட்டால் எல்லா முன்பதிவுப் பட்டியல்களிலிருந்தும் அதே அறையை, அதே எண்ணை, எடுத்துவிட வேண்டும். வந்தபின் "அது போயிற்று, இதே மாதிரி வேறொன்று" என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது விதியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பத்து இரட்டை அறைகளில் ஒன்று மட்டும் அகலக் கதவும் கைப்பிடியும் கொண்டது என்று வையுங்கள். அதைக் காலியாகவே வைத்திருக்கச் சொன்னால் எந்த முதலாளியும் ஒப்பமாட்டார், திருட்டுத்தனமாக விற்பார். கடைசியாக விற்கச் சொன்னால் அவருக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. கூட்டம் நிரம்பி வழியும் இரவில் பத்தாவது ஆளுக்கு அது போகும். மற்ற நாட்களில் தேவைப்படுபவருக்காகக் காத்திருக்கும். விற்கும் வரிசையை மட்டும் மாற்றி உரிமையைக் காப்பாற்றுகிறது விதி. நம் ஊர் விடுதிகளில் நடப்பது நேர் எதிர். கீழ்த்தள அறைதான் முதலில் போகும். சாவி கொடுப்பவருக்கு மாடி ஏறும் வேலை மிச்சம். இணையத்திலும் அப்படித்தான். 'டபுள் ரூம், 10' என்று மொத்த எண்ணிக்கையாகப் பதிந்துவிட்டால் எந்த அறை எவருக்கு என்பது மென்பொருளுக்கே தெரியாது. அணுகத்தக்க அறையைத் தனி வகையாகப் பதிந்தால்தான் இந்த வித்தை நடக்கும். அதற்குப் புது மென்பொருள் வேண்டாம், பெரும்பாலான முன்பதிவுத் தளங்களில் ஒரு தலைப்பைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. அந்த அறையைக் கேட்பவரிடம் 'உங்களுக்கு அந்த வசதிகள் தேவையா' என்று விசாரிக்கலாம். மருத்துவச் சான்று கேட்கக் கூடாது. நம் ஊரில் அட்டை காட்டிய பிறகுதான் பேச்சே.

விதி வந்ததும் எல்லாம் இனிதாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டெபோரா லாஃபர் என்ற சக்கர நாற்காலிப் பயனர், இணையதளத்தில் வசதி விவரம் போடவில்லை என்று விடுதிகள் மீது 600க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடர்ந்தார். அந்த விடுதிகளில் தங்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. சட்டத்தைச் சோதிப்பதே நோக்கம். தங்க வராதவர் வழக்குத் தொடரலாமா என்ற கேள்வி மெய்ன் மாநில விடுதி ஒன்றின் வழக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்குள் அவருடைய வழக்கறிஞர் ஒருவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக, லாஃபர் வழக்குகளைக் கைவிட்டார். 2023 டிசம்பர் 5 அன்று, தீர்க்க இனி தகராறு இல்லை என்று நீதிமன்றம் கோப்பை மூடியது. கேள்வி திறந்தபடியே நிற்கிறது. வழக்குத் தொழிலாக மாறுவது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் விவரத்தை எழுதிவைத்த விடுதிக்கு அவரால் ஒரு தொல்லையும் வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விவரம் என்றால் 'மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தது' என்ற வரி இல்லை. அது விளம்பரம். கொத்தனார் 'இரண்டரை அடிக் கதவு' என்றால் நிலைச்சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார். உள்ளே உண்மையில் கிடைப்பது 25, 26 அங்குலம். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமும் ஏறத்தாழ அதுதான், தள்ளும் கைகளுக்கு இடமில்லை. அமெரிக்க அளவுகோல் கேட்பது 32 அங்குலம். ஆகவே கடியப்பட்டணத்து விடுதிக்காரர் எழுத வேண்டியது இப்படி இருக்கும்: "வாசலில் 2 படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம், சாய்தளம் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு அறை. குளியலறைக் கதவு உள்ளளவு 26 அங்குலம். மேற்கத்தியக் கழிப்பறை, பக்கத்தில் கைப்பிடி இல்லை. கடற்கரைக்குப் போகும் வழியில் கடைசிப் பகுதி மணல்." இதைப் படித்து ஒருவர் வராமல் போகலாம். வந்து வாசலில் நிற்பதைவிட அது அவருக்கும் நல்லது, விடுதிக்கும் நல்லது. 'இல்லை' என்பதும் தகவல்தான்.

அரசுக்கும் இது பொருந்தும். கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 37 கோடி ரூபாய் என்று அறிவிப்புகளில் படித்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தேவையான எண் அது இல்லை. பாலத்துக்குப் போகும் படகுத்துறையில் எத்தனை படி, படகில் ஏற்றிவிட ஆள் உண்டா என்பது. மெரினாவில் 1.14 கோடியில் கடல்வரை போட்ட மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறந்து, இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். இன்று காலை பாதை திறந்திருக்கிறதா என்பதை இணையதளம் சொன்னால்தான் அது பாதை.

இனி திரைக்கு வருவோம். விதிநூல் நீளமானது, இந்தப் பக்கத்து விடுதித் தளங்களில் அடிக்கடி இடறும் ஒன்றை மட்டும் காட்டுகிறேன். அறை வாடகைப் பட்டியலை டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து, பிடிஎஃப் ஆகவோ படமாகவோ ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்கு அது 'அறை'. கணினிக்குள்ளே அது எம், ஐ, டபிள்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்து. எழுத்துருவின் வேஷம், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குத் தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். படமாக ஏற்றினால் அதுவும் இல்லை, கோப்பின் பெயரை ஒப்பித்துவிட்டு நகரும். ஒருங்குறியில் சாதாரண எழுத்தாக அடித்து, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானும் ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக்கும் தமிழிலேயே வாடகையைச் சொல்லும். செலவு, தட்டச்சு செய்யும் நேரம்.

இனி மற்றக் கேள்விகள்.

ஒரே வரியில் சரிசெய்யும் விட்ஜெட்டை வாங்கலாமா? வேண்டாம், எந்தத் தளத்தையும் தரநிலைக்கு ஏற்றதாக மாற்றும் என்று விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனத்திடம் அமெரிக்க வணிக ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் வாங்கியது.

பார்வைக் குறைபாடு இல்லாதவர்களுக்கு என்ன பயன்? வெளிர்சாம்பல் எழுத்தை வெயிலில் போனில் படித்துப் பாருங்கள்.

மற்றவர்கள் எல்லாம் சரியாக வைத்திருக்கிறார்களா? இல்லை, வெப்எய்ம் 2025இல் சோதித்த பத்து லட்சம் முகப்புப் பக்கங்களில் 94.8 சதவீதத்தில் பிழை.

நாங்களே சோதிக்க வழி? மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் வைத்து ஒரு அறையை புக் செய்து பாருங்கள். பெரும்பாலும் தேதி காட்டும் நாட்காட்டியில் மாட்டிக்கொள்வீர்கள்.

தொலைபேசி எண் கொடுத்தால் போதாதா? காது கேளாதவருக்கு எப்படிப் போதும். வாட்ஸ்அப் எண்ணும் போடுங்கள்.

அபராதம் எவ்வளவு? முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரை, பிரிவு 89.

புகார் யாரிடம்? சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமோ எழுதலாம். எந்தத் தளம், எந்தத் தேதி, எந்தப் பொத்தானில் நின்றுபோனது என்பதை ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து அனுப்புங்கள், வக்கீல் வேண்டியதில்லை.