விலங்கு மாதிரிகளில் மூட்டு அழற்சியை அளவிடுதல்

விலங்கு மாதிரிகளில் மூட்டு அழற்சியை அளவிடுதல் என்பது, ஆய்வுக்கூட எலிகளிலும் சுண்டெலிகளிலும் செயற்கையாகத் தூண்டப்பட்ட மூட்டுவாதத்தின் தீவிரத்தை எண்களாகப் பதிவு செய்யும் முறைகளைக் குறிக்கும். முடக்குவாதத்திற்கான மருந்துகள் மனிதரிடம் சோதிக்கப்படும் முன் இம்முறைகளால் மதிப்பிடப்படுகின்றன. நோயாளியிடம் 28 மூட்டுகளின் வீக்கமும் வலியும், இரத்தப் பரிசோதனையும், அவர் தம் நிலை பற்றிக் கூறுவதும் கணக்கில் கொள்ளப்படும். எலியால் வலியைச் சொல்ல இயலாது. எனவே பல அளவீடுகளைச் சேர்த்தே முடிவு காண வேண்டும்.

மாதிரிகள்

1956 இல் கார்ல் பியர்சன், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகள் எண்ணெயில் கலந்த ஃபிராய்ண்ட் துணைப்பொருளைச் செலுத்தி எலிகளில் மூட்டுவாதத்தை உண்டாக்கினார். 1977 இல் டிரெந்தமும் அவரது குழுவினரும் இரண்டாம் வகைக் கொலாஜன் புரதத்தால் இதே விளைவைப் பெற்றனர்.

அளவிடும் முறைகள்

• பாதக் கனஅளவு: கணுக்காலில் குறியிட்டு, அதுவரை பாதத்தை நீர்மத்தில் அமிழ்த்தி, இடம்பெயரும் நீர்மம் மில்லிலிட்டரில் அளக்கப்படுகிறது. சுண்டெலிகளில் பாதத்தின் தடிமன் அளக்கப்படுவதும் உண்டு.
• புள்ளி முறை: ஒவ்வொரு பாதத்திற்கும் 0 முதல் 4 வரை புள்ளி வழங்கப்படும். நான்கு பாதங்களுக்கும் உச்சம் 16.
• உடல் எடை, நடை, தொடுதலுக்குக் காட்டும் எதிர்வினை.
• இரத்தத்தில் செவ்வணு படிவு வீதம், டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லியூக்கின்-6.
• எக்ஸ்-கதிர்ப் படமும் திசு ஆய்வும்: குருத்தெலும்பு, எலும்பு அரிப்பைக் காட்டுபவை.

துணைப்பொருள் ஒரு பாதத்தில் செலுத்தப்பட்டால், அப்பாதம் முதல் நாட்களில் வீங்குவது ஊசியின் நேரடி விளைவாகும். ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களில் ஊசி போடாத பாதமும் வீங்கும். நோய் எதிர்ப்பாற்றலின் பிறழ்வைக் காட்டுவது இதுவே.

சென்னையில் நடந்த ஆய்வுகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையினர், சித்த மருத்துவத்தில் பயன்படும் சேங்கொட்டையின் பால் சாற்றைத் துணைப்பொருள் மூட்டுவாதம் கொண்ட எலிகளில் 1990களில் இருந்து ஆராய்ந்தனர். பாத வீக்கத்துடன் லைசோசோம் நொதிகள் போன்ற உயிர்வேதியியல் குறியீடுகளையும் அளந்து, அழற்சி குறைவதாக அறிவித்தனர். சேங்கொட்டையின் எண்ணெய் தோலில் கொப்புளம் உண்டாக்கும் நச்சுத்தன்மை உடையது. ஆகவே எலியில் கிடைத்த முடிவைக் கொண்டு எவரும் தாமாக அதை உட்கொள்ளக் கூடாது.

வரம்புகள்

வீக்கம் வடிந்தாலும் எலும்பு அரிப்பு தொடரலாம். கனஅளவை மட்டும் நம்பினால் மருந்து வேலை செய்வதாகத் தவறாக எண்ணக்கூடும். ஊசி போட்ட நாளிலேயே மருந்தைத் தொடங்கினால் அது தடுப்புச் சோதனை. நோய் தோன்றிய பின் தொடங்கினால் மட்டுமே சிகிச்சைச் சோதனை. மூட்டுவலியுடன் மருத்துவமனைக்கு வருபவர் இரண்டாம் நிலையில் இருப்பவர். மேலும், புள்ளியிடுபவருக்கு எந்த எலி மருந்து பெற்றது என்பது தெரியக் கூடாது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. அளவீடு துல்லியமானால் குறைந்த விலங்குகளே போதும். நடக்கவோ உணவை எட்டவோ முடியாத எலியை ஆய்விலிருந்து விடுவிக்கும் எல்லையும் முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும்.