பதிந்த ஒலியும் வாசிக்கும் விரலும்

ஆர்மோனியத்தின் கட்டையை அழுத்தினால் ஆர்மோனியத்தின் நாதமே எழும். அவ்வாறு ஒரு கட்டையை அழுத்தப் புல்லாங்குழலின் நாதம் எழுமாயின் அது விந்தையன்றோ? அவ்விந்தையை இசைமேடைக்குக் கொணர்ந்த கருவிகளுள் ஒன்று மெலோட்ரோன். அமெரிக்கரான ஹரி சேம்பர்லின் அமைத்த கருவியைத் தழுவி, 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் இஃது உருவாயிற்று.

இதன் அமைப்பு எளியது. 1970இல் வெளிவந்த எம் 400 என்னும் வகையில் 35 கட்டைகள் உள்ளன. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா உண்டு. குழல், வயலின் முதலியவற்றைக் கலைஞர் சுரஞ்சுரமாக வாசிக்க, அவ்வொலிகள் இந்நாடாக்களிற் பதியப்பட்டன. கட்டையை அழுத்தியதும் நாடா நகர்ந்து ஒலிக்கும். விரலை எடுத்ததும் சுருள்வில் அதனைத் தொடக்கத்துக்கு இழுத்துவிடும். நாடா ஏறக்குறைய 8 விநாடியே ஓடும்; அதன்பின் ஒலி அற்றுவிடும். ஆதலின், நாடா முடியுமுன் விரலை எடுத்து அடுத்த சுரத்துக்குச் செல்வது வாசிப்பவரின் திறமையாயிற்று.

பின்னர் நாடாவின் இடத்தை மின்னணு நினைவகம் பெற்றது. 1979இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஃபெயர்லைற் என்னும் கருவி தோன்றியது. இவ்வகைக் கருவிகளே சாம்பிளர் எனப்படுகின்றன. மழையோசையாயினும் மணியோசையாயினும், விரும்பிய ஒலியைப் பதிந்து உடனே கட்டைகளில் வாசிக்கலாம். ஒலியின் ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, வேண்டுமளவு நீட்டவும் இயலும்.

குழல் இங்கு ஒலிக்கின்றது; குழலூதுபவரோ மேடையில் இல்லை. ஒரு பெட்டி பல கலைஞரின் ஊதியத்தைப் பறித்துவிடுமோ என இங்கிலாந்தின் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் மெலோட்ரோனின் காலத்திலேயே அஞ்சியது. அவ்வச்சம் வீணானதன்று. ஆயினும், பதிந்த ஒலிக்குச் செவியில்லை. பக்கத்திலிருப்பவர் தாளத்தைச் சற்றே தளர்த்தினால் அஃது அறியாது; சபையோர் உருகி நிற்பதையும் உணராது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எங்கே மௌனம் காப்பது என்பவற்றை வாசிப்பவரே தீர்மானிக்கின்றார்.

எனவே சாம்பிளரின் இசையில் இருவர் பங்கு கொள்கின்றனர்: ஒலியை முதலில் ஈந்தவர் ஒருவர், அதனை மேடையில் உயிர்ப்பிப்பவர் மற்றவர். பின்னவருக்குக் கைதட்டல் உடனே கிடைக்கின்றது. முன்னவருக்கு உரிய ஊதியமும் பெயரும் கிடைக்கச் செய்வது, அவ்வொலியைப் பயன்படுத்துவோரின் கடமையாகும்.