பல்லக்குத் தடத்தில் ஒரு சைக்கிள்

திருவையாற்றில் சைக்கிளுக்கென்று போட்ட பாதை ஒன்றுகூடக் கிடையாது. வழிகாட்டிப் பலகை இல்லை, பச்சை வண்ணம் பூசிய சாலையோரம் இல்லை. தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர் வருகிற பிரதான சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கியே கை மரத்துப் போகும். ஆனாலும், கார் தொல்லை இல்லாமல் நாள் முழுக்க மிதிக்க ஓர் ஊர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு ஊட்டியையோ ஏற்காட்டையோ சொல்ல மாட்டேன். காவிரிக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரைத்தான் சொல்வேன்.

காரணம் ஆறுகள். அந்த 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். ஆற்றுக்கு இரண்டு கரை என்றால் பத்துக் கரைகள். அவற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் வாய்க்கால்களுக்கும் கரை உண்டு. பஸ்ஸில் போகிறவருக்குப் பாலம் என்பது சில விநாடி ஜன்னல் காட்சி. சைக்கிள்காரருக்கு ஒவ்வொரு பாலமும் நான்கு வழி பிரிகிற இடம்: கிழக்கே இரண்டு கரை, மேற்கே இரண்டு கரை.

இந்தக் கரைகள் ஊர் சுற்றுவதற்காக உண்டானவை அல்ல. வெள்ளம் வயலுக்குள் புகாமல் தடுக்க எழுப்பியவை. மதகு மதகாகப் போய் ஷட்டரை ஏற்றி இறக்கவும், எங்கே கசிகிறது, எங்கே எலி வளை தோண்டியிருக்கிறது என்று பார்க்கவும் லஸ்கர்கள் எனப்படும் பாசனப் பணியாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் போய்வந்த தடம்தான் கரைப்பாதை. அதனால் அதன் அகலம் ஒரு மாட்டுவண்டிக்கோ ஒரு டிராக்டருக்கோ போதுமானது, அவ்வளவுதான். கார் போகவே முடியாது என்பதில்லை. ஆனால் எதிரே டிராக்டர் வந்துவிட்டால் ஒதுங்க இடமிருக்காது, கடைசியாகத் தாண்டிய மதகு வரை பின்னோக்கியே போக வேண்டும். ஒருமுறை அப்படிப் போன டிரைவர் மறுபடி அந்தப் பக்கம் திரும்பமாட்டார். மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வரும். புல்கட்டு, பால் கேன், பின்னால் உட்கார்ந்த பாட்டி என்று அவற்றுக்கும் வேகமாகப் போக வழியில்லை.

தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்காவது மேலே இருக்கிறோம் என்பது கரையின் இன்னொரு சௌகரியம். ஒரு பக்கம் ஆறு, அதை ஒட்டிப் படுகையில் வாழையும் மூங்கிலும். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல். மேடு பள்ளம் கிடையாது என்பதால் கியர் சைக்கிள் தேவையே இல்லை. அப்பா காலத்து ஹெர்குலிஸ் வீட்டில் இருந்தால் செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்து வாருங்கள், பெரிய சக்கரம் கப்பி ரோட்டில் நன்றாக உருளும்.

ஏழு ஊர்ச் சுற்று

எங்கே போவது என்று யாரும் புதிதாகத் திட்டம் போட வேண்டியதில்லை. பல தலைமுறைக்கு முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். சித்திரை மாதத்து ஏழூர்த் திருவிழாவில், சப்தஸ்தானம் என்கிறார்களே அதில், ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில் புறப்படுவார்கள். கூடவே புதுமணத் தம்பதிகளான நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில். பங்குனியில் திருமழபாடியில் கல்யாணம் முடிந்த ஜோடி அது. கல்யாணத்துக்குப் பழம், சோறு, பூ, நெய் என்று ஆளுக்கொன்று கொடுத்து உதவிய ஊர்களுக்கு மரியாதை செய்யப் போகிறார்கள் என்பது ஐதீகம். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம், மறுபடி திருவையாறு. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ச் சுவாமியின் பல்லக்கும் சேர்ந்துகொள்ள, கடைசியில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் நிற்கும். ஒரு பொம்மை வந்து பூப்போடும், அத்தோடு விழா நிறையும்.

தோளில் பல்லக்கைச் சுமந்து நடக்கிறவர்கள் எதற்காக நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போகப் போகிறார்கள்? வயல் நடுவே, கரை வழியே, சித்திரையில் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஏறிப் போவார்கள். அந்தத் தடம்தான் சைக்கிளுக்கும் தோதானது.

ஒரே குறை, கிழக்கே திருப்பழனம் வரைக்குமான மூன்று கிலோமீட்டர் சொச்சம். அது கும்பகோணம் சாலை. விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்தில்தான் திங்களூர், அப்பூதியடிகள் ஊர். நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரில் அவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்கிறது பெரியபுராணம். இன்று திங்களூர் நவக்கிரகச் சுற்றுலாவில் சந்திரன் தலம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை போனால் வேன்களுக்கு நடுவில் சைக்கிளை நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் போங்கள்.

தெற்கே ஆறுகளைத் தாண்டியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. சோற்றுத்துறைக்கும் வேதிகுடிக்கும் இடையில் உள்ள தூரத்தை நான் ஏழூரிலும் சிறந்த பகுதி என்பேன். கோயில்கள் கூட்டமில்லாதவை; குருக்கள் வீட்டிலிருந்து சாவி வரும் வரை வெளித் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டி வரலாம், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கண்டியூரில் மீண்டும் தஞ்சாவூர் சாலை குறுக்கே வரும். அட்ட வீரட்டங்களில் ஒன்றான சிவன் கோயிலும், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பெருமாள் கோயிலும் அங்கே எதிரும் புதிருமாகப் பக்கத்திலேயே இருக்கின்றன. சாலையைக் கடந்து மேற்கே போனால் பூந்துருத்தி. சம்பந்தர் ஏறிவந்த பல்லக்கை அவருக்குத் தெரியாமலே அப்பர் தோள்கொடுத்துச் சுமந்தது இங்கேதான் என்று சொல்கிறார்கள்.

கோயில் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி வரை திறக்காது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் ஏழையும் ஒரே மூச்சில் பார்க்கலாம். கிளம்புமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், வழியில் டீக்கடைதான். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வாவைத் திரும்பி வந்து சாப்பிடுவது உத்தமம். முன்பே சாப்பிட்டுவிட்டு மிதிப்பது கடினம்.

தண்ணீரைப் பார்த்துப் புறப்படுங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது. இந்த இரண்டு தேதிகள்தான் இங்கே சைக்கிள் பயணத்தின் நாட்காட்டியும். ஆறுகளில் தண்ணீர் ஓடும்போது பல்லக்கு இறங்கும் ஆற்றுத்தடம் இருக்காது. அப்போது ஏழூர்ச் சுற்று இரண்டாகப் பிரியும்: வடகரையிலுள்ள பழனம், தில்லைஸ்தானம் இரண்டையும் முதலில் முடித்துக்கொண்டு, திருவையாற்றுப் பாலம் வழியே தெற்கே இறங்கி மற்ற நான்கையும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை; களிமண் கரை வழுக்கும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பிக்கொண்டு சைக்கிள் நின்றே போகும். அந்த இரண்டு மாதங்கள் வேண்டாம். தை முதல் பாதி பொற்காலம்: ஆற்றில் தண்ணீரும் இருக்கும், வயலில் சம்பா அறுவடையும் நடக்கும், வெயிலும் உறைக்காது. தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் இதே சமயம்தான் வரும். அந்த ஐந்து நாளும் ஊருக்குள் கார் வெள்ளம். கரைகளில் அப்போதும் யாரும் இல்லை.

ஆனி, ஆடியில் வருகிறவர்கள் மேலக்காற்றை மறந்துவிடக் கூடாது. விடியலில் காற்று எழும் முன் மேற்கே போய்விட்டு, வெயிலேறிக் காற்று வலுத்தபின் கிழக்கே திரும்ப வேண்டும். மாற்றிச் செய்தால் சமதளமும் மலையாகிவிடும். அந்தக் காற்றுக்கு ஏற்ற வழி, பூந்துருத்தியிலிருந்து குடமுருட்டியை எதிர்த்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி வரை போவது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம் அது. ஓர் ஆறு இரண்டாகப் பிரிவதைப் பார்த்தபின் டெல்டா என்பது வகுப்பறையில் படித்த முக்கோணமாக இராது. இன்னும் காலில் பலம் இருந்தால் அப்படியே மேற்கே கல்லணை.

எந்தக் கரையைப் பிடிப்பது என்று குழப்பம் வந்தால் ஒரு சுலபமான விதி உண்டு: பஸ் போகிற கரையை விட்டுவிட்டு எதிர்க்கரைக்குப் போங்கள். பஞ்சர் ஒட்டும் சாமான்களையும் பம்பையும் வைத்துக்கொள்ளுங்கள், சீமைக் கருவேல முள் டயரைப் பார்த்தால் விடாது. வாடகைச் சைக்கிள் கடைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டதால் சைக்கிளோடு வருவதே நல்லது. காலை எட்டரை மணிக்குக் கரையில் இருந்தால், அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். இந்தப் பாதைகளின் உண்மையான உரிமைக்காரர்கள் அவர்கள்தான். ஓரமாக நின்று வழிவிடுங்கள்.

அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் கவலை வருகிறது. கரைகளுக்குத் தார் வருகிறது. தார் வந்தால் அகலம் வருகிறது, அகலம் வந்தால் கார் வருகிறது. ஊருக்குள் நெரிசல் குறையப் புறவழிச் சாலை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காகக் கண்டியூர்ப் பக்கம் விளைநிலத்தில் மண்ணைக் கொட்டியபோது 2022இல் விவசாயிகள் போராடியதையும் மறக்க முடியாது. கரையோரத்து ஊர்க்காரர்களுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும், அறுவடை இயந்திரம் வர வேண்டும். நகரத்திலிருந்து வரும் சைக்கிள்காரரின் அமைதிக்காக அவர்களைச் சேற்றில் நடக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறதே.

நீர்வளத் துறைக்கும் தஞ்சை மாவட்ட நிர்வாகத்துக்கும் கேட்பது இவ்வளவுதான்: ஒரு கரைக்குத் தார் போடுங்கள். மறுகரைக்கு ஆண்டுதோறும் கப்பி கொட்டி, முள்ளை வெட்டி, உடைந்த மதகுச் சுவரைப் பூசி, இருக்கிற அகலத்திலேயே விட்டுவிடுங்கள்.