மூன்று வில்களும் ஒரு குருநாதரும்

பிடில் கற்கும் பிள்ளையின் அண்டை வீட்டில் குடியிருப்பது எத்தகைய தவம் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் அந்தப் பிள்ளை படும் பாட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆரம்பப் பாடங்கள் அலுத்துவிட்டன. பெரிய உருப்படிகளோ கைக்கு எட்டவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலுள்ள மாணவர்களை மூவர் மூவராகச் சேர்த்து வாசிக்கச் செய்வது ஐரோப்பிய சங்கீதத்தில் உள்ள ஒரு நல்ல வழக்கம். வயலின், அதைவிடச் சற்றுப் பெரிதாய்த் தாழ்ந்த குரலுடைய வயோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஆகிய மூன்றும் சேர்ந்தது இக்குழு.

இதில் ஓர் அபாயம் உண்டு. இனிய மெட்டு முழுவதையும் வயலினுக்குக் கொடுத்துவிட்டு மற்றவற்றுக்கு நீண்ட ஸ்வரங்களை மட்டும் ஒதுக்கினால், ஒரு குழந்தை எஜமானாகவும் மற்ற இருவர் ஏவலாட்களாகவும் ஆகிவிடுகிறார்கள். ஏவலாளாக வாசிக்கும் குழந்தை சீக்கிரமே வாத்தியத்தை உறையிலிட்டு மூடிவிடும்.

இதற்குப் பரிகாரம், 1600 முதல் 1750 வரையிலான 'பரோக்' காலத்துச் சங்கீதத்தில் இருக்கிறது. ஆயினும் எதை எடுப்பது என்பதில் விவேகம் வேண்டும். இத்தாலியரான கொரெல்லி 1681 முதல் 1694 வரை 48 'டிரியோ ஸொனாட்டா'க்களை வெளியிட்டார். பெயர்தான் மூவர், வாசிப்பவர் பெரும்பாலும் நால்வர். கீழ்க்குரலுடன் எழுதப்பட்ட இலக்கங்களைப் பார்த்து, ஆர்கனோ ஹார்ப்ஸிகார்டோ வாசிப்பவர் ஸ்வரக் கூட்டுகளை நிரப்புவார். அவரை விலக்கினால் இசையின் நடுவே வெற்றிடம் தோன்றும்.

ஜெர்மானிய மேதை ஜோஹன் ஸெபாஸ்டியன் பாக் எழுதிய 15 ஸின்போனியாக்களில் இந்தக் குறை இல்லை. தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமானுக்காக, அவனது ஒன்பதாம் வயதில், 1720-ல் தொடங்கிய பாடப் புத்தகத்தில் இவற்றின் முந்திய வடிவங்களை பாக் சேர்த்தார். 1723-ல் திருத்தி ஒழுங்குபடுத்தினார். ஒருவர் இரு கைகளால் கட்டைகளை அழுத்தி வாசிப்பதற்காக எழுதியவையாயினும், அவற்றில் மூன்று குரல்கள் முழுமையாக இருக்கின்றன. ஒரு குரல் கூறியதை மற்றொன்று வாங்கிக் கூறும். மேற்குரல் வயலினுக்கும், நடுக்குரல் வயோலாவுக்கும், கீழ்க்குரல் செல்லோவுக்கும் சென்றால், மூன்று குழந்தைகளும் எஜமானர்களே! கட்டை வாத்தியத்தில் விரைவில் மங்கிவிடும் நீண்ட ஸ்வரம்கூட வில்லின் இழுப்பில் உயிரோடு நிற்கும்.

இப்படி மாற்றி எழுதுகிறவருக்கும் பொறுப்பு உண்டு. ஒன்பதாவது ஸின்போனியாவின் சுருதியில் நான்கு 'பிளாட்' ஸ்வரங்கள் வருவதால் இளம் விரல்கள் தடுமாறும். ஒரு முழு ஸ்வரம் உயர்த்தினால் அவை இரண்டாகக் குறையும். ஆனால் வயோலாவுக்குக் கடினமான இடத்தை ஒரு ஸ்தாயி இறக்கிவிட்டால், அது செல்லோவுக்கும் கீழே போய் ஸ்வரக் கூட்டின் அஸ்திவாரத்தையே மாற்றிவிடக்கூடும். அங்கே வயலினும் வயோலாவும் தம் வரிகளைப் பரிமாறிக்கொள்வது உத்தமம்.

தன் முறை வரும்வரை பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது பெரியவர்களுக்கே அரிய வித்தை. அதைக் குழந்தைகள் மூன்று வில்களைக் கொண்டு கற்கிறார்கள் என்றால், அண்டை வீட்டார் இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ளலாம் அல்லவா?